சிம்பன்சி ஏன் ஓடவில்லை? கிபாலே மழைக்காட்டில் ஒரு மணி நேரம்

உகாண்டாவின் கிபாலே காட்டுக்குப் போய்வந்தவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். சிம்பன்சி பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து முழங்காலைச் சொறிந்துகொண்டிருக்கும். எதிரே ஆறு பேர், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையில் கேமராவோடு நிற்பார்கள். அது அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காது. மனித வாடை பட்டாலே காட்டு விலங்கு ஓடிவிடும் என்றுதான் நமக்குத் தெரியும். அதிலும் வேட்டைக்காரர்கள் கண்ணி வைக்கும் காட்டில் வாழும் விலங்கு. அது ஏன் ஓடவில்லை?

சிம்பன்சி பார்க்கப் போகும் பயணத்தின் மொத்தக் கதையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கட்டணம், விதிமுறை, முகக்கவசம், நோய், உள்ளூர்க்காரர்களின் கோபம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மேற்கு உகாண்டாவில், ருவென்சோரி மலைத்தொடருக்குக் கிழக்கே, ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கிபாலே தேசியப் பூங்கா. பரப்பு ஏறக்குறைய 800 சதுர கிலோமீட்டர். 1932இல் அரசுக் காடாக அறிவித்தார்கள்; தேசியப் பூங்கா ஆனது 1993இல்தான். இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1960களில், சில பகுதிகளில் மரம் வெட்டி விற்றார்கள். அந்த இடங்களில் பல இன்னும் பழைய உயரத்துக்கு வரவில்லை. புதர் மண்டிவிட்டது, யானைகள் அந்தப் புதரைத் தேடி வருகின்றன, வந்த இடத்தில் இளம் மரக்கன்றுகளையும் மிதித்துவிடுகின்றன. குரங்கினங்கள் மட்டும் இங்கே 13 வகை. சிம்பன்சிகள் சுமார் 1,500. உகாண்டா முழுவதும் இருப்பவை ஏறக்குறைய 5,000 என்கிறார்கள். அப்படியென்றால் நாட்டின் சிம்பன்சிகளில் மூன்றில் ஒரு பங்கு போல இந்த ஒரே காட்டில் இருக்கின்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். சிம்பன்சி ஓடாமல் இருப்பதற்குக் காரணம் அதன் சாதுவான குணம் இல்லை, மனிதர்கள் வருடக்கணக்கில் செய்த வேலை. புதிதாக வாங்கிவந்த மாட்டுக்கு மிரட்சி தெளிய நாளாகும் என்போமே, அதேதான், ஆனால் காட்டுக்குள், கயிறும் தொழுவமும் இல்லாமல். ஒரு குழு தினமும் காலையில் கிளம்பி ஒரே சிம்பன்சிக் கூட்டத்தைத் தேடிப் போகும். பார்த்ததும் அவை கலைந்து ஓடும். துரத்தக் கூடாது. மறுநாள் திரும்பப் போக வேண்டும். மாதங்கள் போனபின் ஒரு துணிச்சலான ஆண் மட்டும் ஓடாமல் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் இன்னொன்று. குட்டி வைத்திருக்கும் பெண் சிம்பன்சிகள்தான் கடைசி. கூட்டம் முழுவதும் மிரட்சி தெளிய வருடங்கள் ஆகும். ஐந்து வருடம், அதற்கு மேலும் ஆவது சாதாரணம்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: சாப்பாடு. தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் 1960இல் ஆய்வைத் தொடங்கி, சில ஆண்டுகளில் வாழைப்பழம் வைத்துச் சிம்பன்சிகளை அருகே வரவழைத்தார். வந்தன. ஆனால் பழத்துக்காக ஒரே இடத்தில் கூட்டம் கூடி, சண்டை அதிகமாகி, எது இயல்பான நடத்தை, எது வாழைப்பழம் உண்டாக்கிய நடத்தை என்று பிரித்துப் பார்ப்பதே சிக்கலாகிவிட்டது. கிபாலேயில் அந்த வழியை எடுக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் இங்கே உங்கோகோ என்ற பகுதியில் வேலை செய்த மைக்கேல் கிக்லியெரி, பழுத்த அத்தி மரங்களுக்குக் கீழே பொறுமையாகக் காத்துக் கிடந்தார். 1987இல் ரிச்சர்ட் ராங்கம் கன்யாவாராப் பகுதியில் நீண்டகால ஆய்வை ஆரம்பித்தார். 1990களின் நடுவிலிருந்து ஜான் மிட்டானியும் டேவிட் வாட்ஸும் உங்கோகோவில் வேலை செய்தார்கள். சுற்றுலாப் பயணிகள் போவது இந்த ஆய்வுப் பகுதிகளுக்கு இல்லை. அவர்களுக்கென்று கன்யாஞ்சு என்ற இடத்தில் 1990களின் தொடக்கத்தில் தனியாக ஒரு கூட்டத்தைப் பழக்கினார்கள். இன்று பெர்மிட் வாங்கிப் போகிற யாரும் அன்று யாரோ உழைத்ததைத்தான் அனுபவிக்கிறார்கள்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? காலை எட்டு மணிவாக்கில் விதிகளைச் சொல்லி அனுப்புவார்கள். ஆறு பேர் கொண்ட குழு, கூடவே துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர். துப்பாக்கி சிம்பன்சிக்காக இல்லை, யானைக்காக. யானை எதிர்ப்பட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவார்கள். இந்த ஊர்ப்பக்கத்து தோரோ மக்களுக்கு 'எம்பாகோ' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெயருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லப்பெயர். அதுவும் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்துதான். அமோட்டி, அகிக்கி, அபூலி இப்படி. மரியாதையாக விசாரிக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்க வேண்டும். 2013இல் யுனெஸ்கோ இதை அழியும் நிலையில் உள்ள மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வருகிறவர்களுக்கும் கைடு ஒரு பெயர் வைத்துவிடுவதுண்டு.

சிம்பன்சிக் கூட்டம் என்றால் ஐம்பதும் நூறும் ஒன்றாகத் திரியும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அவை காலையில் ஒன்றாகவும் மதியம் மூன்றாகவும் இருக்கும். பழம் நிறைய இருந்தால் கூடும், குறைந்தால் இரண்டு மூன்றாகப் பிரிந்து போகும். பஞ்ச காலத்தில் தண்டையும் இலையையும் மென்றுகொண்டு தனித்தனியாகத் திரியும். கண்டுபிடிப்பது எளிதா கடினமா என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக அந்த வாரம் எந்த மரம் பழுத்திருக்கிறது என்பதுதான். மழைக்கு அதற்கு அடுத்த இடம்தான். அதனால்தான் ரேஞ்சர்கள் நடந்துகொண்டே தரையைப் பார்க்கிறார்கள்: கடித்துத் துப்பிய அத்திச் சக்கை, கைமுட்டி பதிந்த ஈரமண்.

ஆனால் பெரும்பாலும் முதலில் தெரிவது சத்தம்தான். 'ஹூ' என்று தாழ்வாகத் தொடங்கி, மூச்சு வாங்க வாங்க ஏறி, உச்சத்தில் அலறலாக வெடிக்கும் ஒரு குரல். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்கூடக் கேட்கும். இங்கே பெரிய மரங்களுக்கு அடியில் சுவர் போலப் பலகை வேர்கள் இருக்கும். ஆண் சிம்பன்சிகள் ஓடிவந்து அந்த வேரைக் கையாலும் காலாலும் அறைந்து பறை போல முழக்கும். யார் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று சிதறிக் கிடக்கும் கூட்டத்துக்குச் சொல்லும் செய்தி அது.

சிம்பன்சி 'நம்மைப் போலவே' என்று உருகுகிறவர்கள் மிச்சக் கதையையும் கேட்க வேண்டும். உங்கோகோ கூட்டம் உலகில் அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது. இருநூறு வரை போனது. அதன் ஆண்கள் வரிசையாக, சத்தமில்லாமல், எல்லையைச் சுற்றி ரோந்து போவார்கள். அண்டைக் கூட்டத்துச் சிம்பன்சி தனியாகச் சிக்கினால் கொன்றுவிடுவார்கள். பத்து வருடம் இப்படி நடந்தபின் 2009இல் அண்டைக் கூட்டத்தின் நிலத்தைப் பிடித்துத் தங்கள் எல்லையை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விரித்துக்கொண்டார்கள். அதன்பின் அந்தக் கூட்டமே உள்ளுக்குள் விரிசல் விட்டது. 2015 வாக்கில் தொடங்கிய பிளவு சில வருடங்களில் முழுதாக முடிந்து, நேற்று வரை ஒன்றாகப் பேன் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் கொல்லும் நிலைக்கு வந்தார்கள். இவற்றின் வேட்டையும் சாதாரணமில்லை. உங்கோகோவில் 1970களின் நடுவிலிருந்து 2007க்குள் சிவப்புக் கொலபஸ் குரங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு முக்கியக் காரணமாகச் சிம்பன்சிகளின் வேட்டையைத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கு, பாதுகாக்கப்பட்ட இன்னொரு விலங்கைத் தின்று தீர்க்கிறது. வனத்துறை இதில் எந்தப் பக்கம் நிற்பது?

அத்தி மரத்துக்குத் திரும்புவோம். சிம்பன்சி பார்க்க வருகிறவர்களும் பறவை பார்க்க வருகிற பறவைக்காரர்களும் சந்தித்துக்கொள்ளும் இடம் அதுதான். ஒரு பெரிய அத்தி பழுத்தால் கீழ்க்கிளையில் சிம்பன்சி, மேலே கறுப்பு வெள்ளை இருவாச்சிகள், பக்கவாட்டில் துராக்கோக்கள், நுனிகளில் பச்சைப் புறாக்கள் என்று சந்தை கூடிவிடும். ஆனைமலைப் பக்கம் இருவாச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறகோசை உடனே பிடிபடும், ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீற்று வழியாக இரை ஊட்டுவது இங்கும் அப்படியே. ஒரு வித்தியாசம்: கிபாலே இருவாச்சியின் ஆண், சேற்றை உருண்டைகளாகத் தொண்டைக்குள் கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். அதை வைத்துத்தான் பூச்சு வேலை நடக்கும்.

துராக்கோ ஆப்பிரிக்காவுக்கே உரிய பறவைக் குடும்பம். ராஸ் துராக்கோ கிளையில் உட்கார்ந்திருக்கும்போது கருநீலமாகத் தெரியும். பறந்தால் சிறகில் இரத்தச் சிவப்பு பளிச்சிடும். பெரும்பாலான பறவைகளின் சிவப்பு தின்னும் உணவிலிருந்து வருவது. இதன் சிவப்பு அப்படி வருவதில்லை. செம்பு கலந்த ஒரு நிறமி. காரத் தண்ணீரில் போட்டால் அந்தச் சாயம் கரைந்துவிடும். பெரிய நீலத் துராக்கோ இன்னொரு வகை. துராக்கோக்களிலேயே பெரிய உடம்பு, தலையில் கொண்டை, குரலோ தொண்டை கட்டிய ஆள் கத்துவது போல. கிளையில் ஓடும்போது அணிலைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் பறவைக்காரர்கள் கிபாலேக்கு உயிரைக் கொடுத்து வருவது வேறொன்றுக்காக: பச்சை மார்புப் பிட்டா. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் உறவு. விடியலிலும் அந்தியிலும் மணியடித்தாற்போலக் கூவுவதால் நம்மவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். கிபாலே உறவுக்காரரும் நேரம் தவறாதவர்தான். கருக்கலில், காட்டின் தரையை ஒட்டிய ஒரு கிளையில் நின்று, விருட்டென்று ஓரடி மேலே குதித்து, சிறகை அடித்து ஒரு சின்ன ஓசை எழுப்பும். கூடவே ஒரு குரல். திரும்ப அதே கிளை. வெளிச்சம் நன்றாக வந்ததும் நிறுத்திவிடும். அப்புறம் நாள் முழுவதும் சருகுக்கு நடுவே புழு பொறுக்கிக்கொண்டு திரியும், காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. அதனால் பிட்டா தேடுகிறவர்கள் மற்றவர்கள் படுக்கையில் இருக்கும்போதே டார்ச்சோடு கிளம்பியாக வேண்டும். கிபாலேயில் இதற்கென்றே தனித் திறமை உள்ள கைடுகள் இருக்கிறார்கள்.

சமவெளியிலும் ஏரிக்கரையிலும் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காடு முதல் நாள் கடுப்பைக் கிளப்பும். முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில், வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே, ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் தெரியும். கழுத்து வலிக்கும். இங்கே கண்ணைவிடக் காதுதான் உதவும். நல்ல கைடு பத்துப் பறவை காட்டினால் அதில் ஏழெட்டைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார். அரை மணி நேரம் காடே செத்தது போல இருக்கும். திடீரென்று பத்து வகைப் பறவைகள் ஒன்றாகக் கலந்து தலைக்கு மேலே பூச்சி பிடித்துக்கொண்டு நகர்ந்து போகும். இரண்டு நிமிடம், மறுபடி அமைதி. படையெறும்புகள் சாரிசாரியாகத் தரையில் போனால் அங்கே நின்று பார்க்கலாம். எறும்புக்குப் பயந்து வெளியே ஓடிவரும் பூச்சிகளைக் கொத்த சில பறவைகள் கூடவே வரும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நிற்பது உத்தமம். அந்த எறும்பு கடித்தால் விடாது.

போனில் பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது ஓடிவருகிறது. கூட்டை விட்டுவிட்டு வருகிறது. அதுவும் வருகிற ஒவ்வொரு குழுவும் அதே கிளைக்குக் கீழே நின்று அதையே போட்டால்?

சிம்பன்சி பக்கம் உள்ள ஆபத்து இதைவிடப் பெரியது. மிரட்சி தெளிந்த விலங்கு நம் மூச்சுக்காற்று எட்டும் தூரத்தில் வாழத் தொடங்குகிறது. நமக்கும் அதற்கும் மரபணு கிட்டத்தட்ட ஒன்று. நம் கிருமிக்கு அது வேறு ஆள் இல்லை. 2013இல் கன்யாவாராக் கூட்டத்தில் 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. சோதித்தபோது கிடைத்தது ரைனோவைரஸ் சி. நம் குழந்தைகளுக்குச் சளியும் இழுப்பும் வரவைக்கும் சாதாரண வைரஸ். 2016 கடைசியில் தொடங்கி 2017 தொடக்கம் வரை, உங்கோகோவில் 25 சிம்பன்சிகள் இறந்தன. அங்கே கிடைத்தது மனித மெட்டாநிமோவைரஸ். அதே சமயத்தில் சில மைல் தள்ளியிருந்த கன்யாவாராவிலும் இருமல் பரவியது, ஆனால் வேறொரு மனித வைரஸ். இரண்டும் மனிதர்களிடமிருந்து தனித்தனியாகப் போயிருக்கின்றன. இவை இரண்டும் ஆய்வுக் கூட்டங்கள் என்பதைக் கவனியுங்கள். விதிகளை நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் போகும் இடத்திலேயே இந்த நிலை. பெர்மிட் வாங்கி, விமானத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து இறங்குகிறவர்கள் போகும் கூட்டத்துக்கு என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டுப் பத்து மீட்டர் இடைவெளி, முகக்கவசம், ஒரு மணி நேரக் கெடு, காட்டுக்குள் சாப்பிடாமல் இருப்பது, சளி இருந்தால் உள்ளே விடாமல் இருப்பது எல்லாம் இதற்காகத்தான். விதிகளில் குறை இல்லை. சிக்கல் மனித மனத்தில் இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து, அரை உலகம் சுற்றி வந்தவருக்கு அன்று காலை தொண்டை கரகரத்தால், அதைச் சொல்லி விடுதியில் உட்காருவாரா? அதனால் உடம்பு சரியில்லாமல் போனால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பொய் சொல்லும் ஆசை கொஞ்சம் குறையும்.

நோய்க்கு அடுத்தது கண்ணி. காட்டுப்பன்றிக்கும் டைக்கர் என்னும் சிறு மானுக்கும் வைக்கும் சுருக்குக் கம்பியில் சிம்பன்சியின் கை மாட்டிக்கொள்ளும். அது இழுத்து அறுத்துக்கொண்டு ஓடும். கம்பி கையோடு போகும். விரல் அழுகி விழும். கன்யாவாராவில் மூன்றில் ஒன்றுக்கு இப்படிப்பட்ட காயம் இருந்திருக்கிறது. 1997 முதல் கண்ணிகளைத் தேடி எடுக்கவே தனிக் குழு நடக்கிறது. மிரட்சி தெளிந்ததே உயிருக்கு உலை வைத்த கதையும் உண்டு. கோவிட் வந்து 2020 மார்ச்சில் குரங்குச் சுற்றுலா நின்றது, வருமானம் நின்றது. ஜூன் மாதம் தெற்கே ப்விண்டி காட்டில் ரஃபீக்கி என்ற புகழ்பெற்ற கொரில்லாத் தலைவனை, காட்டுப்பன்றி வேட்டைக்கு வந்தவர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகத் தேவையில்லை என்று பல வருடம் கற்றுக்கொண்ட கொரில்லா அது.

வேட்டைக்குப் போகிறவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் காட்டு எல்லையில் அரை ஏக்கர் சோளம் போட்டவர் இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறார். யானை ஒரே இரவில் வருட உழைப்பை மிதித்துவிடும். பகலில் பபூன் குரங்குகள் வரும். காட்டின் வடக்கே செபிட்டோலிப் பகுதியில் சிம்பன்சிகள் இரவில் சோளக்கொல்லைக்கு வந்துபோவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. இருட்டில் நடமாடாது என்று நம்பிய விலங்கு. 1992இல் காட்டின் தெற்குப் பகுதியில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கானவர்களை அரசு வெளியேற்றியது. அந்த நிலத்தில்தான் பின்னர் மரம் நட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களின் ஊர்க்காரருக்குக் காடு என்றால் வேறு நினைவு. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெரிய பணம் நுழைவுக் கட்டணத்தில் இல்லை, பெர்மிட்டில் இருக்கிறது.

அதனால்தான் கன்யாஞ்சுவுக்குப் பக்கத்து ஊரான பிகோடியை நான் முக்கியமாகச் சொல்வேன். அங்கே பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு நிலத்தை 1992இல் ஊர்க்காரர்களே சங்கம் அமைத்துக் காக்கத் தொடங்கினார்கள். நடைபாதை போட்டார்கள், தங்கள் பிள்ளைகளையே கைடுகளாக்கினார்கள். வந்த பணத்தில் உயர்நிலைப் பள்ளி நடந்தது. இருநூறுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. துராக்கோவைக் காட்டுக்குள் கழுத்து வலிக்கத் தேடுவதைவிட, இங்கே வெளிச்சமான ஓரத்தில், கண் மட்டத்தில் பார்க்கலாம். அப்படியே சில குரங்கு வகைகளும். சிம்பன்சிக்கு ஆகும் செலவில் இது சிறு பங்கு. கொடுத்த பணம் எந்தக் கட்டடமாக ஆனது என்பதையும் ஊரிலேயே காட்டுவார்கள். சிம்பன்சி பார்த்த மறுநாளே அடுத்த பூங்காவுக்குப் பறக்கும் பயணத்திட்டங்கள் பிகோடியை ஒரு மாலையில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

செலவையும் சொல்லிவிடலாம். 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்குக் கிபாலே சிம்பன்சி பெர்மிட் 250 டாலர். நம் பணத்தில் இருபதாயிரத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு. கொரில்லாவுக்கு 800 டாலர் என்பதால் இதைச் சிலர் மலிவு என்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு, பாதை வழுக்காது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்கக் கூடாது. உகாண்டா கேட்பது ஒரு பக்கம். திரும்பி வரும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டி 'ரோலக்ஸ்' என்று தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். சப்பாத்தி அங்கே போனது இந்தியர்களோடுதான்.

கையில் இன்னும் காசும் காலில் தெம்பும் இருந்தால் ஒரு மணி நேரப் பெர்மிட்டுக்குப் பதில் முழுநாள் பெர்மிட் எடுக்கலாம். இன்னும் மிரட்சி முழுதாகத் தெளியாத கூட்டத்தோடு காலை முதல் மாலை வரை நடக்கும் ஏற்பாடு அது. பாதி நேரம் அவற்றின் முதுகுதான் தெரியும். ஆனால் ஒரு மணி நேரக்காரர்கள் பார்க்காத ஒன்றைப் பார்க்கலாம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒவ்வொரு சிம்பன்சியும் ஒரு மரத்தில் ஏறும். கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்து, மிதித்து, இலைக்கொத்தைத் தலைமாட்டுக்குச் செருகி, சில நிமிடங்களில் படுக்கை தயாராகிவிடும். நேற்றைய படுக்கையைப் பெரும்பாலும் தொடுவதில்லை, தினமும் புதிது. இருட்டுவதற்குள் ரேஞ்சர் அந்த மரங்களைக் குறித்துக்கொண்டு திரும்புவார். மறுநாள் அவை எழுந்து இறங்குவதற்கு முன்பே அங்கே போய் நிற்க வேண்டும்.